வீட்டுக்குப் பக்கத்தில்: டெக்சாஸ் சட்டமன்றமும் சிறார் நீதியும்

மேற்கு டெக்சாஸில் பையோட் என்று ஒரு ஊர். பெயருக்குத்தான் ஊர், சுற்றிலும் பொட்டல், எண்ணெய்க் கிணறுகள், ஒரு நெடுஞ்சாலை. இரண்டாம் உலகப்போரின்போது குண்டுவீச்சு விமானப் பயிற்சிக்காக அங்கே ஒரு தளம் போட்டார்கள். போர் முடிந்து பல வருடம் கழித்து, அந்தத் தளம் இருந்த இடத்தில் மாநில அரசு ஒரு சீர்திருத்தப் பள்ளி நடத்தியது. மேற்கு டெக்சாஸ் மாநிலப் பள்ளி என்று பெயர். பள்ளிதான், ஆனால் பூட்டு வெளிப்பக்கம். மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் பையன்களை அங்கே அனுப்பினார்கள். ஹூஸ்டனிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல். மகனைப் பார்க்க நினைக்கும் ஒரு தாய்க்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள். கார் இல்லாத குடும்பமென்றால் போவதே இல்லை.

2005 பிப்ரவரியில் அங்கே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வமாக வந்த ஒருவரிடம் சில மாணவர்கள் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். பள்ளியின் மேலதிகாரிகள் இரவில் பையன்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுத் தவறாக நடந்துகொள்கிறார்கள் என்று. அவர் உடனே டெக்சாஸ் ரேஞ்சர் படையைச் சேர்ந்த பிரையன் பர்சின்ஸ்கிக்குத் தகவல் கொடுத்தார். ரேஞ்சர் என்றால் மாநிலக் காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு. அவர் வந்து விசாரித்தார், வாக்குமூலம் எடுத்தார், கோப்பைத் தயார் செய்து அரசு வழக்கறிஞரிடம் கொடுத்தார். அப்புறம் ஏறக்குறைய இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளூரில் வழக்குப் போடவில்லை. மத்திய அரசின் வழக்கறிஞர்களும் எடுக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட இரண்டு அதிகாரிகள் வேலையை விட்டு விலகினார்கள், அவ்வளவுதான்.

இதைச் சட்டமன்றக் கண்காணிப்பின் கதையாக நான் எழுதுவதற்குக் காரணம், அதற்கடுத்து நடந்தவை. தூரத்துச் சிறைகளைக் குறைத்து, பிள்ளைகளை வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துத் திருத்தும் வழிக்கு ஒரு பெரிய மாநிலம் திரும்பியது. அதைத் திருப்பியதும் சட்டமன்றம்தான், சரியான நேரத்தில் பார்க்கத் தவறியதும் அதே சட்டமன்றம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்விலிருந்து ஏதாவது கிடைக்கும்.

கூட்டுக்குழுவின் முன்னால்

டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை வருடங்களில் மட்டும்தான் வழக்கமாகக் கூடும். அதுவும் 140 நாள். மீதி நாட்களில் சில குழுக்கள் கூடும், ஆளுநர் அழைத்தால் சிறப்புக் கூட்டம் நடக்கும். பையோட் விசாரணை 2005-ல், கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தபோதே தொடங்கியது. ஆனால் அந்தத் தொடர் இந்த விஷயம் வெளியே வராமலேயே முடிந்தது. உள்ளே வேலை பார்த்த சிலர் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். அந்தப் புகார்களும் அங்கேயே அடங்கிப்போயின.

2007 பிப்ரவரியில் டெக்சாஸ் அப்சர்வர் இதழும் டல்லாஸ் மார்னிங் நியூஸ் நாளிதழும் இதை வெளியே கொண்டுவந்தன. அப்போது சட்டமன்றம் கூடியிருந்தது. இது வெறும் நேரப் பொருத்தம். இதே செய்தி 2006-ல் வந்திருந்தால் சட்டம் வர இன்னும் ஒரு வருடம் ஆகியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

மேலவை, கீழவை இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டுக்குழு அமைத்தன. மேலவை உறுப்பினர் ஜான் விட்மயர், கீழவை உறுப்பினர் ஜெரி மேடன் இருவரும் தலைவர்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. மார்ச்சில் பர்சின்ஸ்கி அந்தக் குழுவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். அந்தப் பையன்களின் கண்ணில் தான் பார்த்த பயத்தைப் பற்றிப் பேசினார். கூப்பிட்டாலும் அந்த நிறுவனம் காது கொடுக்காது என்று தெரிந்தே அவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டு இருந்தார்கள் என்றார். தன்னால் முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்ததாகவும் சொன்னார். இரண்டு வருடமாக ஒருவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டுக் கடைசியில் சட்டமன்றத்தின் கதவுக்கு வந்திருக்கிறார். விசாரணைக் குழு என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் அந்த ஒரு நாளைத்தான் காட்டுவேன்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. மாநிலத்தின் சிறார் சிறைகளை நடத்திவந்த டெக்சாஸ் இளைஞர் ஆணையத்தின் நிர்வாகக் குழு முழுதாகப் பதவி விலகியது. ஆளுநர் ரிக் பெர்ரி ஆணையத்தைத் தனி அதிகாரியின் பொறுப்பில் விட்டார். ஜூனில் மேலவை மசோதா 103 சட்டமானது. அதன் உள்ளடக்கத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்று. சிறு குற்றங்களுக்காக இனி எந்தப் பிள்ளையையும் மாநிலச் சிறைக்கு அனுப்பக் கூடாது. உள்ளே வைத்திருக்கும் உச்ச வயது 21-லிருந்து 19-க்கு இறங்கியது. மூன்றாவதாக, ஆணையத்துக்குக் கட்டுப்படாத ஒரு குறைதீர்ப்பாளர் பதவி உண்டானது. அவர் முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே போகலாம், பிள்ளைகளிடம் தனியாகப் பேசலாம், தன் அறிக்கையை நேராக ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் அனுப்பலாம். காவலர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி என்பதும் அதே சட்டத்தில்தான் வந்தது.

வழக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் ஒரு அதிகாரிக்கு 10 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. இன்னொருவரை 2011-ல் நீதிமன்றம் விடுவித்தது. பையோட் பள்ளி 2010-ல் மூடப்பட்டது.

பணம் போன வழி

சிறு குற்றத்துக்கு மாநிலச் சிறை இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? டெக்சாஸில் 254 கவுண்டிகள், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி. அவற்றுக்கெல்லாம் சேர்த்து 160-க்கும் மேற்பட்ட சிறார் நன்னடத்தைத் துறைகள். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் நூற்றுக்கணக்கான அலுவலர்கள் இருப்பார்கள். மேற்கே சில இடங்களில் நாலைந்து கவுண்டிகளுக்குச் சேர்த்து ஒரு சின்ன அலுவலகம்தான். பிள்ளை வீட்டில் இருப்பான், பள்ளிக்குப் போவான், வாரத்துக்கு இத்தனை முறை அலுவலரைப் பார்ப்பான். தேவைப்பட்டால் போதை மீட்பு, மனநல ஆலோசனை, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் சிகிச்சை. மிஞ்சினால் கவுண்டியே நடத்தும் ஒரு விடுதி. சமூகம் சார்ந்த மாற்றுவழி என்று ஏட்டில் எழுதுவது நடைமுறையில் இதுதான்.

செலவைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மாநிலச் சிறையில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 350 டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்த காலத்தில், சாதாரண நன்னடத்தைக் கண்காணிப்புக்கு 20 டாலர்கூட ஆகவில்லை. இந்தக் கணக்கைத் தொடர்ந்து வெளியிட்டது சட்டமன்றத்தின் சொந்த வரவுசெலவு வாரியம். ஒரு நாள் செலவு எவ்வளவு, வெளியே போனவர்களில் எத்தனை பேர் திரும்பக் கைதானார்கள் என்று அது தவறாமல் அறிக்கை போட்டது. யாருக்கும் சுவாரசியம் தராத அறிக்கைதான். ஆனால் உறுப்பினர்களின் கையில் அந்த எண் இருந்ததால்தான், குற்றத்தில் மென்மையாக நடந்துகொள்வதாகப் பெயர் வாங்க விரும்பாத மாநிலத்திலும் இந்தப் பேச்சு நடக்க முடிந்தது.

2009-ல் சட்டமன்றம் ஒரு ஏற்பாடு செய்தது. மாநிலச் சிறைக்குப் பிள்ளைகளை அனுப்புவதைக் குறைப்பதற்கென்றே 2010-11 இரண்டு வருடத்துக்கு 4 கோடி 57 லட்சம் டாலர் ஒதுக்கியது. பணம் வாங்கும் துறைக்கு ஒரு இலக்கு உண்டு: இத்தனை பேருக்கு மேல் மாநிலத்துக்கு அனுப்பக் கூடாது. மீறினால் பணத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டிவரலாம். எந்த மாதிரித் திட்டம் வைப்பது என்பது கவுண்டியின் விருப்பம்.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2007-ல் மாநிலச் சிறைகளில் சராசரியாக ஒரு நாளைக்கு 4,300 பிள்ளைகள் இருந்தார்கள். 2012-ல் 1,500-க்கும் கீழே. மூன்றில் இரண்டு பங்கு குறைவு. அதே காலத்தில் சிறார் கைதுகளும் கூடவில்லை, குறைந்தன. நாடு முழுக்கவே அப்போது சிறார் குற்றம் இறங்கிக்கொண்டிருந்தது என்பதால், இந்தப் பெருமை முழுவதையும் ஒரு சட்டத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பிள்ளைகளை வெளியே விட்டால் தெருவில் குற்றம் பெருகும் என்று பயமுறுத்தியவர்கள் சொன்னது நடக்கவில்லை. 2011-ல் பழைய ஆணையத்தையும் நன்னடத்தை ஆணையத்தையும் கலைத்து, டெக்சாஸ் சிறார் நீதித் துறை என்று ஒன்றாக்கினார்கள். சிறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

எண்ணியதும் எண்ணாததும்

இந்த ஏற்பாட்டில் சட்டமன்றம் எண்ணியது ஒன்றைத்தான்: எத்தனை பிள்ளைகள் மாநிலத்துக்கு வரவில்லை என்பதை. வராத பிள்ளை கவுண்டியில் என்ன ஆனான் என்பதைத் தொடர்ந்து பார்க்க அப்போது வழியில்லை. மாநிலச் சிறையின் பதிவுகள் ஓரிடம், நன்னடத்தைத் துறைகளின் பதிவுகள் வேறிடம், கைதுப் பதிவுகள் காவல்துறையிடம். ஒரே பையன் மூன்று கோப்பிலும் இருப்பான், ஆனால் மூன்றையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்க ஆள் கிடையாது.

மாநிலத் தலைவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், மாநில அரசுகள் மன்றத்தின் நீதி மையமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் அந்த வேலையைச் செய்தார்கள். 13 லட்சம் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்தினார்கள். முடிவு 2015 ஜனவரியில் வந்தது, சட்டமன்றம் கூடும் மாதத்தில். இந்த முறை அது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த அறிக்கையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஒரு பாதியை. குற்றப் பின்னணி ஒத்திருந்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது, மாநிலச் சிறையிலிருந்து வந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் மறுபடி கைதாகும் வாய்ப்பு, ஊரிலேயே கண்காணிப்பில் இருந்தவர்களைவிட 21 சதவீதம் கூடுதல். மறுபடி குற்றம் செய்தால் அது பெரிய குற்றமாக இருக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. வீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் அதுவரை டெக்சாஸிடம் இல்லை.

மறுபாதியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கவுண்டிகளில் ஒரு பிள்ளைக்குச் செலவிட்ட தொகை 2007-க்குப் பிறகு நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் கவுண்டிக் கண்காணிப்பில் இருந்த பிள்ளைகள் மறுபடி கைதாகும் விகிதம், சீர்திருத்தத்துக்கு முன்பு எப்படி இருந்ததோ பின்பும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. ஏன் என்பதற்கும் அறிக்கையில் விடை உண்டு. பெரிய ஆபத்து ஒன்றும் இல்லாத பிள்ளைகளையும் இழுத்துத் திட்டங்களில் உட்கார வைத்தார்கள். உதவி நிஜமாகத் தேவைப்பட்டவனுக்குத் தேவையான உதவி கிடைக்கவில்லை.

இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் கடையில் ஒருமுறை எதையோ எடுத்து மாட்டியவன். வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள், பள்ளிக்குப் போகிறான். இன்னொருவனுக்குப் போதைப் பழக்கம், மூன்று பள்ளி மாறியிருக்கிறான், இரவில் எங்கே தூங்குகிறான் என்பதே நிச்சயமில்லை. கவுண்டியிடம் பணம் இருக்கிறது, மாலை நேர வகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் இருபது இடம் இருக்கிறது. முதல் பையன் ஒழுங்காக வருவான், கையெழுத்துப் போடுவான், முடித்தவர்கள் பட்டியலில் சேருவான். இரண்டாமவன் நாலு நாள் வருவான், அப்புறம் காணாமல் போவான். திட்டத்தின் கணக்கில் முதலாமவன் வெற்றி. ஆனால் அவன் அந்த வகுப்பு இல்லாமலேயே சரியாகியிருப்பான். அந்த வகுப்புக்காக வேலை, படிப்பு, நண்பர்கள் இவற்றிலிருந்து அவனைப் பிரித்து, இரண்டாமவனைப் போன்றவர்களோடு மாலை முழுக்க உட்கார வைத்தது கெடுதலாகக்கூடப் போயிருக்கலாம். அவனை மாநிலச் சிறைக்கு அனுப்பும் பேச்சே முதலில் இருந்ததில்லை என்பதால், அவனுக்கான மாற்றுவழி எதற்கும் மாற்று இல்லை.

பணத்தைக் கொடுத்து, இலக்கை வைத்து, இலக்கு நிறைவேறியதா என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும். நன்னடத்தை அலுவலர்களை நான் குறை சொல்லவில்லை. தங்களிடம் கேட்ட எண்ணை அவர்கள் கொடுத்தார்கள். கேட்கவேண்டிய எண்ணைக் கேட்கும் வேலை சட்டமன்றத்துடையது. அதைக் கேட்பதற்கு எட்டு வருடம் பிடித்தது.

கேள்வி மாறிய வருடம்

2015-ல் விட்மயர் கொண்டுவந்த மேலவை மசோதா 1630 அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றியது. மாநிலத்தை ஏழு வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு கவுண்டியால் தனியாக வைத்துக்கொள்ள முடியாத சிகிச்சை வசதியைப் பக்கத்துக் கவுண்டிகள் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. ஒரு பிள்ளையை மாநிலச் சிறைக்கு அனுப்புவதற்கு முன், அவனுடைய தேவையை உள்ளூரில் நிறைவேற்ற முடியாது என்பதை நீதிபதி தனியாகப் பதிவு செய்யவேண்டும். பணம் கொடுக்கும் திட்டங்களுக்குச் சான்று வேண்டும், அளவுகோல் வேண்டும். முதல் வருடத்தில் 30 பேர், அடுத்த வருடத்தில் 150 பேர் என்று, மாநிலச் சிறைக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைக்கவேண்டிய இலக்கும் குறிக்கப்பட்டது. 2009-ல் நடந்ததோடு ஒப்பிட்டால் சின்ன எண்கள். இந்த முறை மிச்சமிருந்தவர்கள் கடினமான பிள்ளைகள் என்பது தெரிந்தே வைத்த எண்கள்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது இன்னொரு பகுதி. குறைதீர்ப்பாளர் அதுவரை மாநிலச் சிறைகளுக்குள்தான் போக முடிந்தது. இந்தச் சட்டத்துக்குப் பிறகு, தீர்ப்புக்குப் பின் பிள்ளைகள் வைக்கப்படும் கவுண்டி விடுதிகளுக்குள்ளும் ஒப்பந்த விடுதிகளுக்குள்ளும் போகலாம். பிள்ளை எங்கே போகிறானோ அங்கே கண்காணிப்பும் கூடவே போகவேண்டும் என்று முதல்முறையாக ஏற்றுக்கொண்ட இடம் இது. அப்போதும் கட்டடம் இருக்கும் இடத்துக்குத்தான். மாலை நேர வகுப்புக்கும், வீட்டுக்கு வந்து பேசும் ஆலோசகருக்கும், காலில் கட்டிய கண்காணிப்புக் கருவிக்கும் அந்த மாதிரி ஒரு கண் இல்லை. கூரை இல்லாத தண்டனையைப் பார்வையிடுவது கஷ்டம் என்பது உண்மைதான். அந்தப் பிள்ளைகளையும் அவர்களின் அம்மாக்களையும் நேரில் கேட்பதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கேட்பது ஒன்றும் முடியாத காரியமில்லை.

மிச்சமிருந்த ஐந்து

வெளியே இருந்த பிள்ளைகளின் பேச்சில் உள்ளே மிச்சமிருந்தவர்கள் மறந்துபோனார்கள். 2017-ல் கெயின்ஸ்வில் சிறையில் பணியாளர்கள் பிள்ளைகளிடம் அத்துமீறிய செய்தி வந்தது. மறுபடி ஆளுநர் ரேஞ்சர்களை அனுப்பினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பையோட்டுக்குப் போன அதே படை. அடுத்த சில வாரங்களில் துறையின் தலைமை மாறியது, குறைதீர்ப்பாளரும் மாற்றப்பட்டார். குறைதீர்ப்பாளரை நியமிப்பதும் மாற்றுவதும் ஆளுநர் கையில் இருக்கும்வரை அந்தப் பதவியின் பெயரில் உள்ள சுயேச்சை பாதிதான் என்பது என் கருத்து.

2022 ஜூன் கடைசியில் துறை ஒரு அறிவிப்பு செய்தது: புதிதாகப் பிள்ளைகளை ஏற்க முடியாது. ஐந்து சிறைகள், ஏறக்குறைய 600 பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. முந்தைய வருடத்தில் காவல் பணியாளர்களில் 70 சதவீதம் வாக்கில் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். நாளுக்கு 23 மணி நேரம்வரை பிள்ளைகள் அறைக்குள் பூட்டப்பட்டுக் கிடந்ததையும், கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுத் தட்டையும் பயன்படுத்தியதையும் அந்த ஆகஸ்டில் டெக்சாஸ் ட்ரிப்யூன் எழுதியது. அந்த வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் தற்கொலைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருந்தார்கள்.

எண்ணிக்கை 4,300-லிருந்து 600-க்கு இறங்கியதால் பணி சுலபமாகியிருக்கும் என்று தோன்றலாம். நடந்தது வேறு. சிறைகள் குறைந்தபோது மூடப்படாமல் தப்பியவற்றில் பல பெரிய, பழைய, ஊருக்கு ஒதுக்குப்புறமான வளாகங்கள். வேலைக்கு ஆள் கிடைக்காத ஊர்கள். அங்கே வந்து சேர்ந்தவர்களோ கவுண்டிகளால் சமாளிக்க முடியாதவர்கள், அதாவது உதவி அதிகமாகத் தேவைப்பட்டவர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் என்ற கொள்கை அவர்களை மட்டும் எட்டவில்லை.

டெக்சாஸில் சன்செட் ஆணையம் என்று ஒன்று உண்டு. ஐந்து மேலவை உறுப்பினர்கள், ஐந்து கீழவை உறுப்பினர்கள், பொதுமக்களில் இருவர். அரசுத் துறைகளுக்கு ஒரு காலாவதி நாள் இருக்கும். ஆணையம் ஆராய்ந்து சொல்லி, சட்டமன்றம் நீட்டித்தால்தான் துறை தொடரும். சிறார் நீதித் துறையின் முறை 2022-ல் வந்தது. பூட்டிய அறைகளின் செய்தி வந்துகொண்டிருந்த அதே மாதங்களில். 2023-ல் மேலவை மசோதா 1727 துறையை 2027 செப்டம்பர் 1 வரை நீட்டித்தது. வழக்கமாகக் கொடுக்கும் 12 வருடம் இல்லை, நாலு வருடம்தான். அதே கூட்டத்தொடர் புதிய சிறைக் கட்டடங்களுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கியது.

மத்திய நீதித் துறை 2021-ல் தொடங்கிய விசாரணையின் முடிவை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. எவின்ஸ், கெயின்ஸ்வில், கிடிங்ஸ், மெக்லெனன், ரான் ஜாக்சன் என்று ஐந்து சிறைகளிலும் பிள்ளைகளின் அரசியல் சட்ட உரிமைகள் மீறப்படுகின்றன என்றது அது. அளவுக்கு மீறிய பலப்பிரயோகம், நீண்ட தனியறைப் பூட்டு, பாலியல் அத்துமீறலிலிருந்து காக்கத் தவறியது, மனநலச் சிகிச்சை போதாமை. 2007-ல் கூட்டுக்குழு கேட்ட பட்டியலோடு இதைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் மனது கனக்கிறது.

2022 கோடையில் சேர்க்கை நிறுத்தப்பட்டபோது, மாநிலச் சிறைக்கு அனுப்பத் தீர்ப்பான 130 பிள்ளைகள் வாக்கில் கவுண்டித் தடுப்புக்காவல் இல்லங்களில் காத்துக்கிடந்தார்கள். சில நாள் தங்குவதற்காகக் கட்டிய இடங்கள் அவை, மாதக்கணக்கில் சிகிச்சை தர வசதி இல்லாதவை. நன்னடத்தை அலுவலர்கள் ஆஸ்டினுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்து, படுக்கை எப்போது காலியாகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்தொடர் 2023 ஜனவரியில்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே, பூட்டிய அறைக்குள், தூரத்தில் ஒரு படுக்கை காலியாகும்வரை அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள்.